திண்டிவனம் ரோட்டில் நகராமல் நின்றவனுக்கு

செல்வம்,

இந்தக் கடிதத்தை நீயே எடுத்துப் படிக்கப் போவதில்லை. உன் பெயரை எழுதுவாய். ஒன்றிலிருந்து இருபது வரை அடையாளம் சொல்வாய். பஸ்ஸின் நெற்றியில் திருவண்ணாமலை என்று எழுதியிருந்தால் எழுத்துகளின் நீளத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். அதற்கு மேல் உனக்கு எழுத்து ஏறவில்லை. அதனால் நீ போகப்போகிற இடத்துக்குப் பொறுப்பான ஒரு அம்மாவிடம் இதைக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். போன மாதம் போனபோதே அவரிடம் சொல்லிவைத்தேன், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுங்கள் என்று. "அவருக்குப் புரியுமா சார்?" என்று கேட்டார். "புரியறது புரியட்டும்மா. அப்பன் சொல்லாமலே போயிட்டான்னு இருக்கக் கூடாது" என்றேன். முப்பத்தொரு வருஷமாக உனக்குப் பதிலாக நானே ஊர் முழுக்கப் பேசிவிட்டேன். உன்னிடம் பேசியதுதான் கம்மி.

வருகிற திங்கட்கிழமை நாம் செங்கல்பட்டுப் பக்கம் போகிறோம். எங்கே போகிறோம் என்று நீ கேட்டபோது காலேஜ் என்று சொன்னேன். பொய். உன்னை மாதிரி வளர்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. அங்கே பாடம் கிடையாது. காலையில் எழுப்புவார்கள், குளிக்கச் சொல்வார்கள், சாப்பாடு போடுவார்கள், அவ்வளவுதான். காலேஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் நீ ஓடிப்போய்ப் பீரோ மேலிருந்த உன் பழைய காலேஜ் பையை, அந்த நீலப் பையை, இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாயே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குச் சர்க்கரையில் ஒரு கால் விரல் போய்விட்டது, கண்ணும் மங்கிவிட்டது. அடுத்து எது போகும் என்று டாக்டர் பேச்சை மழுப்புகிறார். உன் அக்கா ஓசூரிலிருந்து போனில், "எங்க வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்கப்பா, நான் இன்னா பண்ணுவேன்" என்று அழுதாள். அவளைக் குறை சொல்லாதே. நானும் சொல்லவில்லை. வேறு வழி இருந்த காலத்தில் அதை அடைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாம் வகுப்பில் நாலாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாய். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மத்த பசங்க கேலி பண்றாங்க, வீட்லயே வெச்சிக்கங்க" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் டிரைவரும் கண்டக்டரும் நடுங்குகிற அளவுக்குக் கத்துகிறவன் நான். டைம்கீப்பர் என்றால் சும்மாவா, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி, மைக்கில் சொல்லி, ரெண்டு நிமிஷம் லேட்டானால் வாய்க்கு வந்தபடி திட்டுகிற வேலை. அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. உன் சிலேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நீ கீழ்பென்னாத்தூர் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு இருந்தாய். உன்னை எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள். தொந்தரவு கொடுக்காதவனை அப்படித்தான் சொல்வார்கள்.

காலேஜைக் கண்டுபிடித்தது உன் அம்மா. உனக்கு ஊனமுற்றோர் அட்டை வாங்கக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற வசந்தி டீச்சர் சொன்னாராம், வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு காலேஜின் பின்கட்டில் ரெண்டு அறை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், படிப்பு மெதுவாக வருகிற பெரியவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு தொடங்குகிறோம் என்று. என்ன படிப்பு என்று நான் கேட்டேன். பஸ் ஏறுவது, சாமான் வாங்குவது, டீ போடுவது, துணி தேய்ப்பது, மருந்துக் கவர் ஒட்டுவது, அறிமுகமில்லாதவரிடம் பேசுவது. "இதுக்கெல்லாம் எவன்டி காலேஜ் போறான்" என்று சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. "இதெல்லாம் தெரியாமதான் அவன் ஒம்போது வருஷமா உக்காந்துகினு இருக்கான். நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் உன்னைச் சேர்த்தோம். பதினொரு பேர். சின்னவனுக்குப் பதினெட்டு, பெரியவளுக்கு முப்பத்தி நாலு. அந்த முப்பத்தி நாலு வயதுப் பெண் முதல் தடவையாகத் தன் பெயரைக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எல்லாருக்கும் கமர்கட் கொடுத்தாள். நீ அதைத் தின்னாமல் பாக்கெட்டில் வைத்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாய். சட்டையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

நீ காலேஜ் போன அழகை நான் இப்போதும் பார்க்கிறேன். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, எழுதத் தெரியாதவன் பாக்கெட்டில் ஒரு பேனாவும் செருகிக்கொள்வாய். எனக்கும் தலைகால் புரியவில்லை. போளூரில் ஒரு கல்யாணத்தில் உன் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர், "தம்பி இன்னா பண்றாரு?" என்று கேட்டார். "காலேஜ்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எந்த குரூப்பு?" என்றார். என் நாக்கு தானாகப் புரண்டு, "பி.காம்." என்றது. நீ பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நான் டீ போடுவேன். ஏலக்காய் போட்டு" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பந்திக்கு எழுந்து போய்விட்டார். நீ சொன்னதுதான் உண்மை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று உன்னைத் திட்டினேன். அந்தக் கல்யாணத்தில் சொன்ன பொய்தான் பின்னால் உன் கழுத்தை அறுத்தது.

பஸ் பாடத்துக்கு வருகிறேன். வசந்தி டீச்சர் மூன்று மாதம் உன்னோடு வந்து பழக்கினார். காலையில் கீழ்பென்னாத்தூரில் ஏறி, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஏழாம் நம்பர் டவுன் பஸ் பிடித்து வேங்கிக்கால் போக வேண்டும். பிறகு தனியாக அனுப்பச் சொன்னார். "சார், அவர் தப்பு பண்ணட்டும். பண்ணாதான் வரும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ரூட்டில் ஓடுகிற கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தேன், நம்ம பையன், பார்த்து இறக்கி விடு என்று. டைம்கீப்பர் சொன்னால் எவன் தட்டுவான். "செல்வம், எறங்கு, ஸ்டாண்டு வந்திருச்சு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டவுன் பஸ்காரன் உன்னைக் கையைப் பிடித்து ஏற்றினான். நீ தனியாகப் போகிறாய் என்று டீச்சர் நினைத்தார், உன் அம்மா நினைத்தாள், நீயும் நினைத்தாய். உன் முகத்தில் அப்படியொரு பெருமை. என் மனசில் மட்டும், இவனால் எங்கே ஆகப்போகிறது என்ற எண்ணம் கடைசிவரை போகவே இல்லை.

டீச்சர் உங்கள் பதினொரு பேருக்கும் ஒரு அட்டை கொடுத்திருந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை. உன் பெயர், ஊர், காலேஜ் போன் நம்பர், கீழே, இவருக்குப் பேச்சு மெதுவாக வரும், பொறுமையாகக் கேளுங்கள் என்று ரெண்டு வரி. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. கழுத்தில் மணி கட்டிய மாடு மாதிரி என் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் நடக்கிறானே என்று இருக்கும். அந்த மாசிப் பௌர்ணமிக்குப் போளூர்ச் சொந்தக்காரர்கள் கிரிவலத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எப்படியும் என் கூண்டுக்கு வருவார்கள், அந்த நேரத்தில் நீ அந்தப் பக்கம் வந்தால் அட்டையைப் படிப்பார்கள், என் பி.காம். நாறிவிடும். முந்தின நாள் சாயங்காலம் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எல்லாக் கண்டக்டரும் நம்ம ஆட்கள், ஒரு நாள் அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். விடியற்காலை டூட்டிக்குப் போய்விட்டேன். காலையில் அட்டையைக் காணோம் என்று நீ அழுதாயாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உன் அம்மா சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பௌர்ணமி என்றால் நம் ஊரில் பஸ் உள்ளே வராது. ஒவ்வொரு ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் காலை முழுக்க நான் மைக்கில் கத்தினேன். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் செல்லும் பேருந்துகள் திண்டிவனம் ரோட்டில் நிற்கும், பயணிகள் கவனிக்கவும் என்று ஊருக்கே சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த ஜனத்துக்குத் தொண்டை வறளச் சொன்னேன். வீட்டில் இருந்த உனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வந்ததோ ஸ்பெஷல் வண்டி, வேறு டிப்போ ஆட்கள். உன் முகம் தெரியாத கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நீ இறங்கியது வயல் ஓரம். கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம். ஏழாம் நம்பர் இல்லை, கூண்டு இல்லை, நான் இல்லை. என் குரல்கூட அங்கே எட்டாது.

நீ காலேஜில் இருக்கிறாய் என்று நான் இருந்தேன். கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே நிறுத்திக்கொண்டோம் என்று காலேஜில் நினைத்தார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து டிப்போவுக்குப் போன் பண்ணி, "பையன் இன்னும் வரலைங்க" என்றபோதுதான் நீ காணாமல் போனது எனக்குத் தெரிந்தது. பைக் வைத்திருந்த ஒருவனைப் பிடித்து எல்லா ரோட்டிலும் தேடினேன். திண்டிவனம் ரோட்டில் ஒரு டீக்கடைக்கு எதிரே, புங்க மரத்தடியில் நீ நின்றுகொண்டிருந்தாய். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரெண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு. பேண்ட் நனைந்து காய்ந்திருந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, "உங்க புள்ளைங்களா? காலைல ஒம்போது மணிலேர்ந்து இங்கயே நிக்கிறாருங்க. டீ குடுத்தேன், குடிச்சாரு. பெஞ்சில வந்து ஒக்காருனு கூப்ட்டேன், வரமாட்டேன்னாரு. எந்த ஊருனு கேட்டா நெஞ்சத் தடவிகினே இருக்காருங்க" என்றார். நீ தடவித் தேடியது என் பாக்கெட்டில் இருந்தது.

அப்பாடா என்று உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கை நீண்டுவிட்டது. கிரிவலத்துக்குப் போகிற அத்தனை ஜனத்துக்கு நடுவில் உன் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, ரெண்டு. "ஒரு ஆள வழி கேட்டு வரத் தெரியாதா? எருமை மாதிரி நிக்கிறியே" என்றேன். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் நகரலப்பா" என்றாய். திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். "நகரலப்பா, நகரவே இல்லப்பா." பயத்தில் உளறுகிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் வசந்தி டீச்சர் வீட்டுக்கு வந்தார். "இன்னும் ரெண்டே மாசம் சார். அவர் எதுவும் தப்பு பண்ணல, ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளுங்க" என்றார். "உங்க படிப்பும் வேணாம், பஸ்ஸும் வேணாம். புள்ளை உசுரோட இருந்தா போதும்" என்று கதவைச் சாத்தினேன். அட்டை எங்கே என்று உன் அம்மா உன்னைக் கேட்டாள். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்திரமாக வைக்கத் தெரியாதா என்று அவளும் உன்னைத் திட்டினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு யாருக்கும் தெரியாமல் அட்டையைக் கிழித்து எரித்துவிட்டேன். மூன்று வருஷம் முன்னால் அவள் போகிறவரைக்கும் நீதான் தொலைத்தாய் என்றே நினைத்திருந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வாரத்தில் தினமும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் வராது. இதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

மற்ற பத்துப் பேரும் படிப்பை முடித்தார்கள். அதில் ஒருத்தன் லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்புத் தேய்க்கிற வேலைக்குப் போனான். நான் ரிட்டயராகிற வரைக்கும் தினமும் காலையில் தனியாக பஸ்ஸிலிருந்து இறங்கி, என் கூண்டைத் தட்டி, "சார், டைம் இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவனுக்கு நேரம் சொல்லும்போதெல்லாம் உன் நினைப்புதான் வரும். அடுத்த வருஷத்தோடு படிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆள் சேரவில்லையாம். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். அந்த ரெண்டு அறையிலும் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வசந்தி டீச்சர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நீ மட்டும் எட்டு மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பதை விடவில்லை. உன் அம்மா ஒரு வருஷத்துக்கும் மேலாக உனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்து, பன்னிரண்டே முக்காலுக்கு, காலேஜில் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற நேரத்துக்கு, சரியாகத் திறந்து சாப்பிடுவாய். அதற்குப் பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் நீ ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை.

உன் அம்மா போன பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியில் உன் காலேஜ் நோட்டு கிடைத்தது. எழுத்தைவிடப் படம் ஜாஸ்தி. டீச்சர் வரைந்து கொடுத்ததற்கு நீ கலர் அடித்திருக்கிறாய். புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் மரத்தடியில் ஒரு ஆள் நிற்கிறான். ரெண்டு காலையும் சேர்த்து, பையை மார்போடு அணைத்து. மேலே டீச்சர் கையெழுத்தில் நாலு வரி. தெரியாத இடமா, நில். நகராதே. அட்டையைக் காட்டு. அப்பா வருவார். அதற்குக் கீழே நல்ல சிவப்பு மையில் நூற்றுக்கு நூறு போட்டிருந்தது. அன்றைக்கு நீ உளறவில்லை. ஒன்பது மணி நேரம் ஒரே மரத்தடியில் நின்று, மூத்திரம் போனாலும் நகராமல், சொல்லிக் கொடுத்ததை நீ அப்படியே செய்திருக்கிறாய். எந்தக் கண்டக்டரும் கைபிடிக்காத அந்த ஒரே நாளில் நீ பாஸ் பண்ணினாய். பரிசாக நான் கொடுத்தது ரெண்டு அறை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. அங்கே சோறு அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, உனக்குப் புரையேறும். கை வாட்சை யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்காதே. சமையல்கட்டில் விடுவார்களா என்று கேள், ஏலக்காய் போட்டு டீ போடத் தெரியும் என்று சொல். யாராவது அடித்தால் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு. நான் அடித்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. அது மாதிரி இருக்காதே. உனக்குப் புது அட்டை ஒன்று எழுதி, கயிறு கோத்து, நீலப் பையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான், கொஞ்சம் கோணல். கழற்றாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இடத்தைப் பார்த்துவரப் போனோமே, அன்றைக்கு நான் ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால், நீ கேட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய். ரெண்டு காலையும் சேர்த்து. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அந்த அம்மா மூன்று தடவை வந்து கூப்பிட்டிருக்கிறார். "அப்பா வருவார்" என்றாயாம். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "நான் நகரலப்பா" என்றாய். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த மரம்தான் வருகிறது. திங்கட்கிழமை உன்னை விட்டுவிட்டு நான் பஸ் ஏறியதும் நீ அங்கேதான் போய் நிற்பாய். செவ்வாய்க்கிழமையும் நிற்பாய். கால் இருக்கிறவரை, கண் இருக்கிறவரை நான் வந்து வந்து பார்ப்பேன். அது எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது. பிறகு ஒரு நாள் வரமாட்டேன். அப்போதும் நீ நிற்பாய். உனக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும் என்பது எனக்குத் தெரியாமல் போனதுதானே இத்தனைக்கும் காரணம்.

ஆகையால் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தினமும் ஒரு தடவை உனக்குப் படித்துக் காட்டும்படி அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளப் போகிறேன். இது டீச்சர் பாடம் இல்லை, அப்பா பாடம். செல்வம், சாப்பாட்டு மணி அடித்தால் மரத்தடியிலிருந்து நகர்ந்துவிடு. வெயில் வந்தால் நகர்ந்துவிடு. மழை வந்தால் உள்ளே போய்விடு. அப்பா வரவில்லை என்றால் நீ தப்புப் பண்ணினாய் என்று அர்த்தம் இல்லை. யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். நகர்ந்துடுப்பா.

அப்பா